வறட்சியும் குடும்பச் செலவும்: செட்டிநாட்டுக்கு எந்தத் தரவை எந்த அளவில் பயன்படுத்துவது?

கல்லல் ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் செட்டிநாட்டுக் கிராமங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டுகளில் இங்குள்ள குடும்பங்கள் எந்தச் செலவைக் குறைக்கின்றன, எதை மட்டும் குறைக்காமல் தாக்குப்பிடிக்கின்றன, அதற்காக யாரிடம் கடன் வாங்குகின்றன, அந்தக் கடனின் சுமை பிள்ளைகளின் படிப்பில் எந்த வயதில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்திய வானிலை ஆய்வுத் துறை கட்டம் கட்டமாகத் தொகுத்துள்ள அன்றாட மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் அலகுநிலைத் தரவையும் (ஒவ்வொரு குடும்பத்தின் பதிலும் தனித்தனியாக உள்ள தரவு) பதிவிறக்கி வைத்திருக்கிறேன். அதில் நாடு முழுவதும் 2,61,746 குடும்பங்கள் உள்ளன. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டவாரியாக விவரங்களை வெளியிட்டிருக்கிறது. இவற்றை வைத்து மாவட்ட அளவிலேயே ஆய்வை முடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். நேரில் வீடு வீடாகப் போய்க் கேட்காமல் எதுவும் தெரியாது என்கிறார்கள் வேறு சிலர்.

என்னைத் தடுமாற வைப்பது, செட்டிநாடு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஓர் அலகாக இல்லை என்பதுதான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகியவை சிவகங்கை மாவட்டத்தில் இருக்க, ராயவரம், அரிமளம், ராங்கியம், கோனாபட்டு ஆகியவை புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. இன்னொன்று, எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் எதை ஒரு குடும்பம் என்று எண்ணுவது என்பதே எனக்குத் தெளிவாக இல்லை. களத்திலும் ஆய்விலும் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களப்பணி ஓய்வு, திருப்பத்தூர்:

வணக்கம் அம்மா. கணக்கெடுப்புப் பணியிலேயே என் வேலைக்காலம் கழிந்தது என்பதால், நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மற்றவை எல்லாம் தடம் மாறிவிடும்.

நீங்கள் பதிவிறக்கிய நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை நடத்தும் தேசிய மாதிரி ஆய்வில், குடும்பம் என்பது வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களைக் குறிக்கும். ஒரே கூரை, ஒரே வாசல், ஒரே கதவிலக்கம் என்பவை கணக்கில் வராது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைத்தல்’ என்று அவனுக்குத் தனி அடுப்பும் தனிக் கணக்கும் கொடுப்பது பழைய வழக்கம். வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு (மணமான தம்பதிக்கு) ஒன்றாகப் பிரிந்திருக்கும். ஆகவே வெளியிலிருந்து ஒரு வீடாகத் தெரிவது, கணக்கெடுப்பின்படி மூன்று நான்கு குடும்பங்களாக இருக்கலாம். அப்படி இருந்தும் வீட்டின் பராமரிப்பு, கோயில் வரி, படைப்பு (முன்னோருக்கு இடும் படையல்), கல்யாணச் செலவு ஆகியவற்றைப் பங்காளிகள் சேர்ந்தே ஏற்பார்கள். இடர் வரும்போது எந்த எல்லைக்குள் பணம் கைமாறுகிறதோ அந்த எல்லை அடுப்பின் எல்லையைவிடப் பெரியது. எனவே உங்கள் சொந்தக் கணக்கெடுப்பில் அடுப்பை அலகாக வைத்துக்கொண்டு, எந்த அடுப்புகள் ஒரே வளவைச் சேர்ந்தவை என்பதற்கு ஒரு தனிக் குறியீட்டு எண் கொடுங்கள். பிற்பாடு இரண்டு அளவிலும் கணக்கிட்டுப் பார்க்க அது உதவும்.

அடுத்தது, ஆறு மாத விதி. அந்தக் காலத்துக்கு மேல் வெளியில் தங்கியிருப்பவரைக் குடும்ப உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் கணவர், மனைவியின் அட்டவணையில் ஆளாக வரமாட்டார். அவர் அனுப்பும் பணத்தில் வாங்கிய அரிசியும் பள்ளிக் கட்டணமும் மட்டும் செலவாக வரும். நுகர்வுச் செலவு அட்டவணையில் வருமானத்தைக் கேட்பதில்லை என்பதால், அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அலகுநிலைத் தரவைப் பார்த்து உங்களால் சொல்ல முடியாது.

குடும்பநல ஆய்வின் செல்வக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தரை எதனால் ஆனது, சுவர் எதனால் ஆனது, கூரை எப்படி, என்னென்ன பொருள்கள் இருக்கின்றன என்று பார்த்துக் குடும்பத்துக்கு மதிப்பெண் இடும் முறை அது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் குடியிருக்கும் காவல்காரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், மேலே தேக்கு உத்தரம், சுவரில் முட்டைப் பூச்சு. அந்தக் குடும்பத்தின் சொந்தச் சொத்து ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வீடு சொந்தமா என்ற கேள்வியும் அந்த ஆய்வில் உண்டு என்றாலும், தரைக்கும் சுவருக்கும் கிடைக்கும் மதிப்பெண்ணை அது முழுதும் ஈடுசெய்யாது. செட்டிநாட்டில் கட்டடத்தை வைத்து வசதியை அளப்பவர் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைத்தான் அளக்கிறார்.

மாதிரியின் அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022-23 கணக்கெடுப்பில் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு கிராமத்திலும் அல்லது நகரப் பகுதியிலும் 18 குடும்பங்கள் எடுக்கப்பட்டன. ஒரே ஊரின் 18 குடும்பங்களுக்கு மழையும் ஒன்று, சந்தையும் ஒன்று, கூலியும் ஒன்று. அவை 18 தனித்தனிச் சாட்சிகள் ஆகா. மாநில மதிப்பீட்டை நோக்கமாகக் கொண்டு அமைத்த மாதிரி அது. அதிலிருந்து சிவகங்கை மாவட்டத்தை மட்டும் பிரித்து, அதற்குள்ளும் காரைக்குடி வட்டாரத்தைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்கள்தான். போதாக்குறைக்கு, தேசிய மாதிரி ஆய்வின் மண்டலப் பிரிப்பில் சிவகங்கை தெற்கு மண்டலத்திலும் புதுக்கோட்டை திருச்சி, தஞ்சையோடு கடலோர மண்டலத்திலும் சேர்க்கப்பட்டுள்ளன. உங்கள் செட்டிநாடு அங்கேயும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது. தொழிலாளர் கணக்கெடுப்பில் 2025 ஜனவரி முதல் மாவட்டத்தையே அடிப்படை அடுக்காகக் கொண்டிருக்கிறார்கள். இனி வரும் ஆண்டுகளில் அதனால் பயன் இருக்கும். உங்களுடைய பழைய வறட்சிகளுக்கு அது உதவாது.

வைகைக்கரைப் பொருளியல் ஆசிரியர், மதுரை:

மேலே ஐயா எழுதியதை அப்படியே ஏற்றுக்கொண்டு, கேள்வியின் பொருளியல் பக்கத்தைச் சொல்கிறேன்.

மாவட்டத் தரவில் தெரியும் உறவைக் குடும்பத்தின் மேல் ஏற்றிச் சொல்லக்கூடாது என்பதற்கு 1950இல் ராபின்சன் காட்டிய எடுத்துக்காட்டு இன்றும் போதுமானது. அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவாகவே இருந்தது. குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களைத் தேடிப் போய்த் தங்கியதே அதற்குக் காரணம். மழை குறைந்த மாவட்டத்தில் செலவு குறையவில்லை என்று மாவட்ட அட்டவணை காட்டினால், அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று பொருளாகாது. சிலருடைய செலவு ஏறியிருக்கும், சிலருடையது இறங்கியிருக்கும், சராசரி நின்ற இடத்திலேயே நிற்கும்.

கடனிலும் இதே சிக்கல் உண்டு. 2019இல் நடந்த அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வின்படி, 30.6.2018 அன்று கிராமப்புறக் குடும்பம் ஒன்றின் சராசரிக் கடன் 59,748 ரூபாய். கடனே இல்லாத குடும்பங்களையும் சேர்த்து வகுத்த எண் அது. கடன்பட்டிருந்தவை 35 சதவீதக் குடும்பங்கள்தான் என்பதால், கடன் உள்ள ஒரு குடும்பத்தின் தலையில் ஏறத்தாழ 1.7 லட்சம் ரூபாய் இருந்திருக்கிறது. எந்த எண்ணை எடுத்து மேற்கோள் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு கிராமங்கள் கண்ணில் தெரியும்.

இடரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் மட்டும் நோய் வருவதும், மாடு சாவதும், சம்பாதிப்பவர் விபத்தில் விழுவதும் தனி இடர்கள். மழை பொய்ப்பது ஊர் முழுவதற்கும் பொது இடர். முதல் வகைக்கு அண்டை அயல் உதவும். இரண்டாவதில் அண்டை அயலும் சேர்ந்தே விழுந்து கிடக்கும். இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் ஆந்திர, மகாராஷ்டிரக் கிராமங்களில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களிடம் திரட்டிய தரவைக் கொண்டு பொருளியலாளர் டவுன்சென்ட் 1994இல் ஒன்றை நிறுவினார். குடும்பத்தின் நுகர்வு அதன் சொந்த வருமானத்தைவிட ஊரின் சராசரி நுகர்வோடுதான் சேர்ந்து ஏறி இறங்குகிறது. நிலமற்றவர்களுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு குறைவாக இருக்கிறது. அதே கிராமங்களின் தரவைக் கொண்டு ரோசன்ஸ்வைகும் ஸ்டார்க்கும் 1989இல் இன்னொன்றைக் காட்டினார்கள்: மகள்களைத் தொலைவான ஊர்களில் கட்டிக்கொடுத்த குடும்பங்களின் நுகர்வு, மழை ஏற்ற இறக்கத்தில் குறைவாகவே ஆடுகிறது. மழை வேறுபடும் தூரத்தில் உறவு இருந்தால் அது காப்பீடாகிவிடுகிறது. செட்டிநாட்டைப் பற்றி யோசிக்கும் எவரும் இந்த இரண்டாவது முடிவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2016ஐ உங்கள் ஆய்வின் மைய ஆண்டாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை மாநிலத்தில் இயல்பைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. ஆனால் மழை பொய்த்த அதே பருவத்தின் நடுவில், நவம்பர் 8ஆம் தேதி, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை ஆயின. அதே ஆண்டு மே மாதத்தில் சிறு, குறு விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆணையும் வந்தது. ஆகவே அந்த ஆண்டில் கடன் குறைந்ததா கூடியதா என்று பார்த்து, அதற்கு மழைதான் காரணம் என்று எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் விடமாட்டார். நடவு செய்து மழையை நம்பியிருந்தவர்களையும் மழையைச் சாராத தொழிலில் இருந்தவர்களையும் ஒரே ஊருக்குள் ஒப்பிட்டால், இருவருக்கும் பொதுவான நோட்டுத் தட்டுப்பாட்டை ஓரளவு கழித்துவிடலாம். முற்றிலும் கழியாது, கூலியை ரொக்கமாக வாங்கியவர்களுக்கு அந்த அடி தனியாக விழுந்தது.

மாவட்ட எல்லை உங்களுக்குத் தொல்லை மட்டும் இல்லை, ஒரு வாய்ப்பும்கூட. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாக 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. புதுக்கோட்டைக்கு 2008 ஏப்ரலில்தான் வந்தது. ஆகவே இரண்டாண்டுக் காலம், பள்ளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு நூறு நாள் வேலை இருந்தது, எல்லைக்கு வடக்கே திருமயம் பக்கத்துக் கிராமத்துக்கு இல்லை. மண் ஒன்று, மழை ஏறத்தாழ ஒன்று, கொண்டு கொடுக்கும் உறவும் ஒன்று. கூலி, வெளியூர் போகும் வழக்கம், அடகுக் கடன் ஆகியவற்றை எல்லையின் இருபுறமும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் எளிதில் அமையாது.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லையை நம்பிவிடவும் கூடாது. திருமயம் பக்கம் 1948 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானம்; காரைக்குடிப் பக்கம் சிவகங்கை ஜமீன். நில உரிமையும் கண்மாய்ப் பராமரிப்பும் இருபுறமும் வெவ்வேறு வழியில் வந்தவை. 2006க்கு முன்பே இருபுறக் கிராமங்களும் ஒரே போக்கில் இருந்தன என்று 1991, 2001 மக்கள்தொகைக் கணக்கின் கிராமவாரித் தரவைக் கொண்டு முதலில் நிறுவிக் காட்டுங்கள். 2007-08இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 64ஆவது சுற்று அந்தக் காலத்தை ஒட்டி வருவதோடு, குடிபெயர்ந்தவர்களையும் அவர்கள் அனுப்பும் பணத்தையும் பற்றிக் கேட்டது. ஆனால் எல்லையோரக் கிராமங்கள் அதில் மிகச் சிலவே இருக்கும் என்பதால், அதைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள முடியும்.

கடைமடைக்காரர், குன்றக்குடி அருகில்:

நான் ஆய்வாளன் இல்லை. விவசாயமும் ஆயக்கட்டுச் சங்கப் பொறுப்பும்தான் என் பழக்கம். மழைத் தரவைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

நீங்கள் சொல்லும் மழைக் கட்டம் பக்கத்துக்கு 27, 28 கிலோமீட்டர் வரும் என்று என் மகன் சொல்கிறான். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஐப்பசியில் குன்றக்குடியில் கொட்டித் தீர்க்கும் மழை பக்கத்து ஊரில் தூறலாக நின்றுவிடுவதை நாங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அதைவிடப் பெரிய சிக்கல், எங்கள் பக்கத்தில் பயிர் விளைவது வானத்து மழையால் மட்டும் அன்று, கண்மாய்த் தண்ணீரால். மழை நன்றாகப் பெய்தும் வரத்துக்கால் தூர்ந்து கருவேலம் மண்டிக் கிடந்தால் கண்மாய் பெருகாது. கண்மாய் பெருகினாலும், தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்காரர் கதிர் அறுக்கும்போது, கடைசியில் பாயும் கடைமடையில் பயிர் கருகி நிற்கும். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கண்மாய்; இரண்டு வயல்களின் விளைச்சலுக்கு மடைதான் வித்தியாசம். ஆகவே வீட்டுக்காரரிடம் எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்காமல், எந்த மடையில் பாய்கிறது, மடைக்கு எத்தனையாவது வயல் என்று கேளுங்கள். எந்த விவசாயியும் தயங்காமல் சொல்லும் பதில் அது.

பயிர்க் காப்பீட்டிலும் இதே நியாயம்தான். 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நம்முடைய சம்பா நெல்லுக்கு விவசாயி காப்புத் தொகையில் 1.5 சதவீதம் கட்டுகிறார். இழப்பீட்டை அவரவர் வயலை வைத்து முடிவு செய்வதில்லை. அந்த வருவாய்க் கிராமத்திலோ குறுவட்டத்திலோ நடத்திய அறுவடைச் சோதனையின் சராசரியை வைத்து முடிவு செய்கிறார்கள். சோதனை வயல் தலைமடையில் விழுந்தால் கடைமடைக்காரருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. வட்டாரத் தரவைக் கொண்டு குடும்பத்தின் இழப்பை அளப்பதால் வரும் கேடு எங்களுக்குப் பண வடிவிலேயே தெரியும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராமக் கணக்கு எண் 2, அதாவது அடங்கல், சர்வே எண் வாரியாக என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று காட்டும். நீங்கள் தேடும் ஆண்டு வருவாய்க் கணக்கில் பசலி 1426. அது 2016 ஜூலையில் தொடங்கி 2017 ஜூனில் முடிகிறது. நூறு நாள் வேலைக் கணக்கு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் இருக்கும். இரண்டையும் மாதம் பார்க்காமல் ஒட்டினால் ஒரு போகமே இடம் மாறிவிடும்.

கல்லல் ஆய்வு மாணவி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மடையைக் கேட்க வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் நான் பெற்றிருக்க முடியாது.

இப்போது எனக்கு எழும் ஐயம் இதுதான். இங்கே பல குடும்பங்களுக்கு வயல் வருமானம் ஒரு பகுதிதான். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் திருப்பூரில், ஒருவர் சென்னையில் ஓட்டலில் என்று இருக்கிறார்கள். 2015இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இப்படிப்பட்ட வீட்டில் மழை பொய்த்தாலும் செலவு குறையாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும், தொலைவில் வேலை போனால் செலவு சரிந்துவிடும். அப்படியானால் கல்லலின் மழையை அந்த வீட்டின் இடராக எப்படி எடுத்துக்கொள்வது?

பேரேடு பார்த்த ஆச்சி, தேவகோட்டை:

உன் கேள்வியைப் படித்ததும் எழுதத் தோன்றியது, மகளே. எங்கள் ஐயாக்கள் வைத்திருந்த பழைய பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் (வரவு, கடன், முதல் ஆகியவற்றைத் தொகுத்துக் காட்டும் இருப்புநிலைக் கணக்குகள்) பல ஆண்டுகளாகப் படித்துப் பிரித்து அடுக்கி வருகிறேன். நீ இன்று கேட்பது இந்த ஊருக்குப் புதிய சிக்கல் இல்லை.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே நகரத்தார் தொழிலில் போட்டிருந்த முதலைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. கீழ் பர்மாவில் நெல் விளைவிக்கும் விவசாயிகளுக்கு, நிலத்தின் பேரில் கொடுத்த கடன் அதில் பெரும்பகுதி. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது ஒரு கடனாளி மட்டும் விழவில்லை. எல்லாக் கடனாளிகளும் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். வட்டி வரவில்லை, நிலம் வந்தது. அங்குள்ள 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 1930இல் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது சுமார் 25 சதவீதம் ஆயிற்று. காகிதத்தில் சொத்து பெருகியது, கையில் ரொக்கம் சுருங்கியது. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. மீண்டு வந்தது சொற்பம்.

அந்தப் பத்தாண்டுகளில் தேவகோட்டையின் மழையளவையும் சிவகங்கைச் சீமையின் நெல் விலையையும் எடுத்துக்கொண்டு எங்கள் குடும்பங்களின் வரவு செலவை விளக்க முயன்றால் எதுவும் பிடிபடாது. வீடு இங்கே இருந்தது; இடர் ஐராவதி ஆற்றங்கரையில் இருந்தது. ஐந்தொகையைப் பிரித்தால் அது உடனே தெரிந்துவிடும்: எந்த ஊர்க் கடையில் எவ்வளவு முதல், எவ்வளவு வரவேண்டியது, எவ்வளவு கொடுக்க வேண்டியது என்று ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருப்பார்கள். மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த குடும்பமும் பர்மாவில் மட்டும் வைத்திருந்த குடும்பமும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளாக இருந்தும், ஒன்று தாக்குப்பிடித்தது, மற்றது மரத்தையும் கதவு நிலையையும் கழற்றி விற்றது. நீ போகும் வீடுகளிலும் அப்படியே கேள். பணம் எந்த ஊரிலிருந்து வருகிறது, பத்தில் எத்தனை பங்கு என்று கேட்டு எழுதிக்கொள்.

வைகைக்கரைப் பொருளியல் ஆசிரியர், மதுரை:

ஆச்சி அவர்கள் சொன்னதை அப்படியே ஓர் ஆய்வு முறையாக எழுதிவிடலாம். குடும்பத்தின் வருமானத்தில் எந்தெந்த இடத்துக்கு எத்தனை பங்கு என்பதை, அதிர்ச்சி நடப்பதற்கு முந்தைய ஆண்டுக்குக் கேட்டு வாங்குங்கள். பிந்தைய ஆண்டின் பங்கு அதிர்ச்சியாலேயே மாறியிருக்கும் என்பதால் அது பயன்படாது. பிறகு ஒவ்வோர் இடத்திலும் நடந்த ஏற்ற இறக்கத்தை, கல்லலுக்கு மழை, திருப்பூருக்குப் பின்னலாடைத் தொழிலின் நிலை, சிங்கப்பூருக்கு நாணய மாற்று விகிதமும் வேலைவாய்ப்பும் என்று, பொதுவில் கிடைக்கும் வட்டாரத் தரவிலிருந்து எடுத்து அந்தப் பங்குகளால் பெருக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் அந்தக் குடும்பத்துக்கு அந்த ஆண்டு வந்த இடர். வட்டாரத் தரவா குடும்பத் தரவா என்று நீங்கள் முதலில் கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: அதிர்ச்சியின் அளவை வட்டாரத் தரவு சொல்லும், அது எந்த வீட்டில் எவ்வளவு விழுந்தது என்பதைக் குடும்பத் தரவு சொல்லும்.

இதற்கு நல்ல முன்மாதிரி பிலிப்பைன்ஸில் இருக்கிறது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் பிலிப்பைன்ஸ் நாணயம் சரிந்தபோது, குடும்ப உறுப்பினர் வேலை பார்த்த நாட்டைப் பொறுத்து, அனுப்பிய பணத்தின் உள்ளூர் மதிப்பு கூடியது. எல்லோருக்கும் ஒரே அளவில் கூடவில்லை. அந்த வேறுபாட்டைக் கொண்டு டீன் யாங் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பு அதிகம் கூடிய வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் தங்கியதும் அவர்களின் வேலைநேரம் குறைந்ததும் தெரியவந்தன. உங்கள் கேள்வியில் படிப்பும் இருப்பதால், அந்த ஆய்வை முதலில் படித்துவிட்டு வினாத்தாளைத் தயாரியுங்கள்.

கடன் பகுதியில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். நீங்கள் திருமயத்துக்குக் கிழக்கே ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் போனால் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். விருந்து வைப்பவருக்கு ஒரே நாளில் பெருந்தொகை சேரும். பின்னர் மற்றவர் வைக்கும்போது, வாங்கியதைவிடக் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். கணக்கெடுப்பு அட்டவணையில் இது அன்பளிப்பாகவோ விழாச் செலவாகவோ போய்விடும். கடன் எவ்வளவு என்று கேட்டால் யாரும் மொய்யைக் கடனாகச் சொல்லமாட்டார்கள். மொய் நோட்டைக் காட்டச் சொன்னால், பெயரும் ஊரும் தொகையும் வரிசையாக இருக்கும். யார் யாருக்குத் தாங்கல் என்ற வலையை அந்த ஏடு உங்களுக்கு ஊர்ப் பெயர்களோடு தந்துவிடும். அந்தப் பெயர்களை ஆய்வேட்டில் வெளியிடக்கூடாது. நோட்டைப் படம் எடுப்பதும் கூடாது. ஊரையும் தொகையையும் மட்டும் குறித்துக்கொண்டு நோட்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

களப்பணி ஓய்வு, திருப்பத்தூர்:

வீட்டுக்குப் போகும் காலத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். செலவை நினைவிலிருந்து கேட்கும்போது, ‘கடந்த ஆண்டு’ என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைப்பார்கள். ‘நோட்டு செல்லாமல் போன ஐப்பசிக்கு முன்பா, பின்பா’, ‘கண்மாய் பெருகாத தை மாதத்திலா’ என்று ஊர் அறிந்த நிகழ்வை வைத்துக் கேளுங்கள். நகைக்கடனைக் கேட்கும்போது, எந்தக் காரணத்துக்காக எந்த மாதம் அடகு வைத்தது, எப்படி மீட்டது என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். 2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானதால், பணம் கட்டி மீட்டதும் தள்ளுபடியில் மீண்டதும் கணக்கில் ஒன்றுபோலவே தெரியும். பூட்டிய வீடுகளைப் பட்டியலிலிருந்து நீக்காமல், பூட்டியவை என்றே எண்ணி எழுதி வையுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் மாசி மகாசிவராத்திரி படைப்புக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் வந்து இறங்குவார்கள். அந்த நாள்களில் போனால், பணம் அனுப்புபவரையும் அதை வாங்குபவரையும் ஒரே வளவில் வைத்துக் கேட்டுவிடலாம்.